வேலையில் இருந்துகொண்டே எம்பிஏ: வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்து ஊழியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

தீபாவளி போனஸ் கைக்கு வரும் வாரத்தில் எனக்கு இரண்டு மூன்று போன் வந்துவிடும். "அக்கா, எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ பண்ணலாம்னு இருக்கேன். போடற காசுக்கு ஒர்த்தா?" கேட்பவர்கள் பெரும்பாலும் முப்பதைத் தாண்டியவர்கள். ஷூ கம்பெனியில் லைன் சூப்பர்வைசர், ராணிப்பேட்டை சிப்காட்டில் கெமிக்கல் இன்ஜினியர், ஆஸ்பத்திரியில் பத்து வருடம் ஓடியாடி வார்டு பொறுப்புக்கு வந்த நர்ஸ், அப்பாவின் தோல் ஷாப்பை, அதாவது தோல் பதனிடும் ஆலையை, கையில் எடுக்கப்போகும் பிள்ளை.

நானும் இதே கேள்வியோடு திரிந்தவள்தான். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் புரொடக்‌ஷன் பிளானிங்கில் பதினோரு வருடம் இருந்தேன். 36 வயதில் எம்பிஏவில் சேர்ந்து, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் காட்பாடியில் ரயிலேறிச் சென்னைக்குப் போய் இரண்டு வருடம் படித்து முடித்தேன். எனக்குப் பயன்பட்டது. என்னோடு படித்த எல்லோருக்கும் பயன்பட்டது என்று சொல்ல மாட்டேன். சனிக்கிழமை வகுப்பில் கேட்டதைத் திங்கட்கிழமை எந்த மேசையில் வைத்துப் பார்ப்பது என்று தெரிந்து வந்தவர்களுக்குப் பலன் கிடைத்தது. பட்டம் வந்தால் வழி தானாகத் திறக்கும் என்று வந்தவர்கள் இன்னும் அதே இடத்தில் இருக்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி, பணம் கட்டுவதற்கு முன் செய்ய வேண்டியதைப் பற்றித்தான்.

படி 1: எந்த நாற்காலி என்று எழுதுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் மூன்று வரி போதும். இன்று என்ன வேலை பார்க்கிறீர்கள், மூன்று வருடம் கழித்து எந்த வேலையில் இருக்க வேண்டும், அந்த வேலையைத் தரக்கூடியவர் யார். மூன்றாவது வரியில்தான் பலர் நின்றுவிடுவார்கள். "நல்ல கம்பெனி ஏதாவது" என்பது பதில் ஆகாது.

அடுத்து, உங்கள் கம்பெனியில் கடந்த ஐந்து வருடத்தில் மேனேஜர் ஆனவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் எம்பிஏ? எத்தனை பேர் சீனியாரிட்டியில் வந்தார்கள்? எத்தனை பேர் முதலாளி குடும்பம்? நம் பக்கத்துத் தோல், ஷூ தொழிலில் பாதிக்கு மேல் குடும்பத் தொழில். மேல் நாற்காலி யாருக்கு என்பது சில இடங்களில் பிள்ளை பிறந்த அன்றே முடிவாகிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால், இந்தப் படிப்பு உங்களுக்கு வெளியே போவதற்கான படிப்பு. அதை இப்போதே ஒப்புக்கொண்டுவிட்டால் எந்த ஊரில், எந்தப் பாடத்தை அழுத்திப் படிப்பது என்பதெல்லாம் தெளிவாகும்.

ஆளுக்கு ஆள் கணக்கு மாறும். பெல் (BHEL) மாதிரிப் பொதுத்துறையில் இருப்பவருக்குப் பதவி உயர்வு உள்விதிகளின்படி நடக்கும். பகுதிநேரப் பட்டத்துக்கு அதில் இடம் உண்டா, சேர்வதற்கு முன்அனுமதி வாங்க வேண்டுமா என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அரசு ஊழியர்களுக்கும் இதுவே. அனுமதி இல்லாமல் படித்துவிட்டுச் சான்றிதழைப் பணிப்பதிவேட்டில் ஏற்ற முடியாமல் நிற்பது பெரிய வேதனை.

நர்ஸ், லேப், மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் என்று ஆஸ்பத்திரி வேலையில் இருப்பவர்கள் பொதுவான எம்பிஏவுக்குப் போவதற்கு முன், மருத்துவமனை நிர்வாகத்துக்கென்றே உள்ள முதுகலைப் படிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிஎம்சி மருத்துவமனை இன்று எவ்வளவு பெரிது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆஸ்பத்திரி நிர்வாகம் என்பது தனி உலகம். அந்த உலகத்தின் மொழியில் படித்தவருக்கு அங்கே மதிப்பு அதிகம்.

அப்பா தொழிலைப் பார்க்கப்போகும் பிள்ளைகளுக்கு நிறுவனத்தின் பெயர் அவ்வளவு முக்கியமில்லை. உங்களுக்கு யாரும் வேலை தரப்போவதில்லை, நீங்கள்தான் தரப்போகிறீர்கள். வங்கி மேலாளரோடும் ஆடிட்டரோடும் சரிக்குச் சரி பேசும் அளவுக்கு நிதிப் பாடம் வேண்டும், வேறு தொழிலில் இருக்கும் நண்பர்கள் வேண்டும். முப்பது லட்சம் செலவில்லாமலும் இவை கிடைக்கும்.

தொழிலை விட்டு பெங்களூரில் கன்சல்டிங், ஐடி என்று மாற நினைப்பவர்களுக்கு மட்டும் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். அங்கே நிறுவனத்தின் பெயர் முக்கியம். வார இறுதிப் படிப்புகளில் பெரும்பாலானவற்றில் முழுநேர மாணவர்களுக்கு நடப்பதுபோல கேம்பஸ் இன்டர்வியூ கிடையாது. வேலையை நீங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

நம் பக்கத்திலேயே புது நாற்காலிகளும் வருகின்றன. பனப்பாக்கம் சிப்காட்டில் டாடா மோட்டார்ஸ் 9,000 கோடி ரூபாய் முதலீட்டிலான கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். இப்படி ஓர் ஆலை வந்தால் கொள்முதல், சப்ளை செயின், தர நிர்வாகம், மனிதவளம் என்று சுற்றிலும் ஆள் தேவைப்படும். உங்கள் தாளின் இரண்டாவது வரியை எழுதும்போது இதையும் மனதில் வையுங்கள்.

படி 2: ஆயிரம் ரூபாயில் உங்களைச் சோதித்துப் பாருங்கள்

பத்து வருடமாகப் பாடப்புத்தகம் தொடாத கைக்கு மறுபடி படிக்க வருமா என்ற பயம் நியாயமானது. அதை லட்சங்கள் கட்டித் தெரிந்துகொள்ள வேண்டாம். ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் மேலாண்மைப் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன. எட்டு வாரமோ பன்னிரண்டு வாரமோ ஓடும் ஒரு நிதிக் கணக்குப் பாடத்தை எடுங்கள். வாராவாரம் வீட்டுப்பாடம் உண்டு. கடைசியில் சுமார் ஆயிரம் ரூபாய் கட்டினால் தேர்வு மையத்துக்குப் போய் எழுதலாம்.

பன்னிரண்டு வாரமும் விடாமல் வீட்டுப்பாடம் கொடுத்தீர்களா? ஷிப்மென்ட் நெருக்கிய வாரத்திலும் கொடுத்தீர்களா? அப்படியென்றால் இரண்டு வருடம் தாக்குப்பிடிப்பீர்கள். நாலாவது வாரத்தில் விட்டுவிட்டால் குறை உங்களிடம்தான் என்று நினைக்க வேண்டாம்; வேலைநேரம் இடம் கொடுக்கவில்லை என்று அர்த்தம். முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படி மூன்று பாடம் முடித்து, அவர் வேலைக்குத் தேவையான காஸ்டிங் அறிவு வந்ததும், எம்பிஏ வேண்டாம், சிஎம்ஏ (செலவுக் கணக்கியல் படிப்பு) போதும் என்று அந்தப் பக்கம் போனார். சரியான முடிவு.

படி 3: கையில் வரப்போகும் காகிதம் எது?

இங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர், பெயர்பெற்ற ஒரு கல்வி நிறுவனத்தின் பெயரில் ஓர் இணையக் கம்பெனி விற்ற பதினோரு மாதப் படிப்பில் சேர்ந்தார். ஒன்றரை லட்சத்துக்கு மேல் கட்டினார். விளம்பரத்தில் 'எக்ஸிகியூட்டிவ்', 'மேனேஜ்மென்ட்' எல்லாம் பெரிய எழுத்தில் இருந்தன. முடித்தபின் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தபோது, இது பட்டம் இல்லை, சான்றிதழ்தான் என்று மனிதவளத் துறை சொல்லிவிட்டது. அவர்கள் சொன்னது சரி. தம்பி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்டார். விற்றவர்களும் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டார்கள்.

மூன்று வகைக் காகிதம் உண்டு. பல்கலைக்கழகம் தரும் எம்பிஏ பட்டம் முதல் வகை. 2017இன் ஐஐஎம் (இந்திய மேலாண்மைக் கழகம்) சட்டத்துக்குப் பிறகு ஐஐஎம்களுக்கும் பட்டம் வழங்கும் அதிகாரம் வந்தது. அதற்கு முன் அவை டிப்ளமாதான் தந்துகொண்டிருந்தன. இரண்டாவது, தனி நிறுவனங்கள் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதலோடு தரும் முதுகலை டிப்ளமா. வேலைச் சந்தையில் இதற்கு நல்ல மதிப்பு உண்டு. ஆனால் பின்னால் முனைவர் பட்டம், கல்லூரி ஆசிரியர் வேலை என்று யோசனை இருந்தால் எம்பிஏவுக்கு இணையாக ஏற்பார்களா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, வெறும் சான்றிதழ். கற்றுக்கொள்ள நல்லதாக இருக்கலாம். பட்டம் கேட்கும் இடத்தில் செல்லாது.

ஆன்லைன், தொலைதூரப் பட்டங்களைப் பற்றியும் பழைய பயம் இன்னும் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம் அனுமதி வாங்கி நடத்தும் ஆன்லைன் பட்டமும் தொலைதூரப் பட்டமும் நேரடிப் பட்டத்துக்கு இணையானவை என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2022இல் தெளிவாகவே அறிவித்தது. ஆனால் 'அனுமதி வாங்கி' என்பதுதான் முக்கியம். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தப் படிப்பை எந்த வருடத்துக்கு நடத்த அனுமதி என்ற பட்டியல் யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவின் இணையதளத்தில் இருக்கிறது. நீங்கள் சேரும் வருடத்துக்கான பட்டியலைப் பாருங்கள், போன வருடத்தது உதவாது. அப்புறம், பத்து நாளில் எம்பிஏ என்றெல்லாம் விளம்பரம் வந்து, அப்படி ஒரு படிப்பே கிடையாது என்று யுஜிசி 2024 ஏப்ரலில் எச்சரிக்க வேண்டிய நிலைமை இருந்தது. சுருக்குவழி சொல்பவரிடம் பேச்சை நீட்டாதீர்கள்.

நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்தப் படிப்பை முடித்தால் கிடைப்பது எம்பிஏ பட்டமா, முதுகலை டிப்ளமாவா, சான்றிதழா? வழங்குவது யார்? யுஜிசி அல்லது ஏஐசிடிஇ ஒப்புதலின் விவரம் என்ன? மின்னஞ்சலில் பதில் வராமல், "சார், போன்ல பேசலாமே" என்று வந்தால் அங்கே சேர வேண்டாம்.

படி 4: எந்த ஊர், எந்த வகை

வேலை பார்ப்பவர்களுக்கென்று எம்பிஏ நடத்தும் வழக்கத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் 1943இல் தொடங்கியது. இங்கே அது சென்னையிலும் பெங்களூரிலும் வேரூன்றியிருக்கிறது. நம் ஊர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பது பெரிய வசதி. காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் எக்ஸ்பிரஸில் இரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான் ஆகும். பெங்களூருக்கு அதைவிட ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ கூடுதல். 2022 நவம்பரிலிருந்து சென்னை–மைசூரு வந்தே பாரத்தும் காட்பாடியில் நிற்கிறது. பகல் வகுப்புக்குச் சென்னைக்குப் போய்வர முடியும். பெங்களூர் என்றால் சனி இரவு அங்கேயே தங்குவதுதான் உடம்புக்கு நல்லது.

சென்னையில் ஐஐடி மெட்ராஸின் மேலாண்மைத் துறை நடத்தும் எக்ஸிகியூட்டிவ் எம்பிஏ, திருச்சி ஐஐஎம் வேலை பார்ப்பவர்களுக்காகச் சென்னையில் நடத்தும் வார இறுதிப் படிப்பு, கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கிரேட் லேக்ஸ் என்று பல வழிகள் உண்டு. பெங்களூர் ஐஐஎம்மின் இரண்டு வருட வார இறுதிப் படிப்பு நன்றாகக் காலூன்றிய ஒன்று. அதே ஐஐஎம்மின் ஒரு வருடப் படிப்பு முழுநேரம். வேலையை விட்டுத்தான் சேர முடியும். பெயரில் எக்ஸிகியூட்டிவ் இருக்கிறது என்பதற்காக வேலையோடு படிக்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். செலவு குறைவாக வேண்டும், பட்டம் இருந்தால் போதும் என்பவர்களுக்கு இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) இருக்கிறது. மொத்தமாக ஒரு லட்சத்துக்குள் முடியும். ஆனால் அங்கே உங்களை இழுத்துப் பிடிக்க ஆசிரியரோ சக மாணவரோ பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

நேரில் உட்கார்ந்து படிப்பதற்கு நான் சொல்லும் காரணம் ஒன்றுதான். வேறு தொழிலில் இருப்பவர்கள் பக்கத்தில் உட்கார்கிறார்கள். என் வரிசையில் ஒரு துறைமுகக்காரர், ஒரு மருந்துக் கம்பெனிக்காரர், ஒரு வங்கிக்காரர். எங்கள் தொழிலில் பத்து வருடமாகத் தீராது என்று நாங்கள் விட்டுவைத்திருந்த கன்டெய்னர் தாமதப் பிரச்சினைக்கு, அந்தத் துறைமுகக்காரர் டீ குடித்துக்கொண்டே வழி சொன்னார். ஆன்லைன் வகுப்பில் எனக்கு அது கிடைத்திருக்காது.

படி 5: பணம்

பெரிய நிறுவனங்களில் கட்டணம் பத்து லட்சத்தைத் தாண்டும், சிலவற்றில் முப்பதை நெருங்கும் அல்லது தாண்டும். கணக்குக்குப் பத்து லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். 10% வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 21,247 ரூபாய். மொத்தமாகக் கட்டுவது 12.75 லட்சத்தை ஒட்டி. ரயில், தங்கும் செலவு, புத்தகம் என்று மாதம் ஐயாயிரம் வைத்தால் இரண்டு வருடத்தில் 1.2 லட்சம். ஆக 14 லட்சத்தை ஒட்டி வரும்.

இதை மீட்க எவ்வளவு சம்பள உயர்வு வேண்டும்? படிப்பு முடிந்து ஐந்து வருடத்தில் மீள வேண்டுமென்றால் வரி போக மாதம் சுமார் 23,300 கூடுதலாக வர வேண்டும். அதுவும் இந்தப் படிப்பால் வந்த கூடுதல்; சும்மா இருந்தாலே வந்திருக்கக்கூடிய வருடாந்திர உயர்வு இதில் சேராது. இன்று 45,000 வாங்குபவர் நம் பக்கத்திலேயே இருந்துகொண்டு இந்த உயர்வைப் பார்ப்பது கடினம். 90,000 வாங்குபவருக்கு முடியும். இந்த வித்தியாசத்தை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை. முதல் ஆளுக்கு இக்னோவோ, அனுமதி பெற்ற ஓர் ஆன்லைன் பட்டமோ, இரண்டு மூன்று வருடம் பொறுப்பதோ நல்லது என்பதே என் கருத்து.

பகுதிநேரப் படிப்புக்கு எல்லா வங்கியும் கல்விக்கடன் தருவதில்லை. முன்கூட்டியே கேளுங்கள். கல்விக்கடன் என்ற பெயரில் தனிநபர் கடனைத் தலையில் கட்டினால் வட்டி கூடும், வரிச்சலுகையும் போகும். கல்விக்கடன் வட்டிக்கு எட்டு வருடம் வரை கிடைக்கும் கழிவு, 80இ என்று எல்லோரும் சொல்வது, பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். வங்கியிலோ அங்கீகாரம் பெற்ற நிதி நிறுவனத்திலோ வாங்கிய கடனாக இருக்க வேண்டும். மாமனாரிடமோ கம்பெனியிலோ வாங்கிய கடனுக்குக் கிடையாது. இன்னொன்று, பட்டம் தராத குறுகிய காலச் சான்றிதழ் படிப்புகளுக்குக் கட்டணத்தின்மேல் 18% ஜிஎஸ்டி வரும். விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் தொகை பெரும்பாலும் ஜிஎஸ்டி சேர்க்காதது.

கம்பெனியே கட்டணம் கட்டினால் அதற்கு ஈடாக இரண்டு மூன்று வருடம் வேலையை விட முடியாதபடி பாண்டு கேட்கும். படி 1இல் எழுதிய நாற்காலி உள்ளேயே இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். வெளியே இருந்தால் வேண்டாம்.

ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்கள் கடன் வாங்கும்போது தொழிலின் நிலையையும் பார்க்க வேண்டும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50% வரி போட்டபோது ஆர்டர் பற்றிய கவலை நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. ஆறு மாதத் தவணைக்கான பணம் தனியாக இருந்த பிறகே கடனில் இறங்குங்கள்.

படி 6: சனிக்கிழமை

இந்தப் படிப்புகளெல்லாம் சனி, ஞாயிறு இரண்டும் விடுமுறை உள்ளவர்களுக்காக வடிவமைக்கப்பட்டவை. ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் ஞாயிறு மட்டும்தான் லீவு. சென்னையில் உட்கார்ந்து பாடத்திட்டம் போடுகிறவருக்கு இது தோன்றாது.

ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்றாலும் வருடத்துக்கு 24, 25 சனிக்கிழமை. தொழிற்சாலை ஊழியருக்குச் சட்டப்படி இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. வருடம் முந்நூறு நாள் போனால் பதினைந்து நாள். மொத்த விடுப்பையும் வகுப்புக்கே கொடுத்தாலும் பத்து நாள் குறையும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எடுக்க ஒரு நாள்கூட மிஞ்சாது. பெரும்பாலான இடங்களில் வருகைப்பதிவு குறைந்தால் தேர்வு எழுத முடியாது.

அதனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே மேலதிகாரியிடம் பேசுங்கள். நான் என் மேனேஜரிடம் வகுப்புத் தேதிகளின் அட்டவணையோடு போனேன். வகுப்பு இல்லாத ஞாயிறுகளில் ஸ்டாக் எடுக்கும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், மாதக் கடைசி ஷிப்மென்ட் வாரத்தில் வகுப்பு வந்தால் வெள்ளி இரவு லோடிங் முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன் என்று சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "சரி, மெயில் போட்டு வைம்மா" என்றார். அந்த மெயில்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. ஏழாவது மாதத்தில் அவர் மாறிப்போனார், புதிதாக வந்தவருக்கு என் ஏற்பாடு எதுவும் தெரியாது. வாய்வார்த்தையாக இருந்திருந்தால் படிப்பு அங்கேயே நின்றிருக்கும்.

வீட்டிலும் இதே அளவு வெளிப்படையாகப் பேச வேண்டும். கல்யாணம், காதுகுத்து, சீமந்தம் எல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான் வருகின்றன. தை, வைகாசியில் வாரத்துக்கு இரண்டு பத்திரிகை. எல்லாவற்றுக்கும் போக முடியாது. போகாவிட்டால் மனத்தாங்கல் வரும். என் மாமியார்தான் எனக்கு வழிசெய்தார். "அவ படிக்கப் போறா, நான் வந்திருக்கேன்ல" என்று ஒவ்வொரு வீட்டிலும் அவரே முன்னால் போய்ச் சொன்னார். பெண்கள் கேட்கும்போது நான் கல்லூரிப் பட்டியலைச் சொல்வதற்கு முன் இதைத்தான் கேட்பேன்: உனக்காக யார் போய் நிற்பார்கள்? அந்தப் பெயர் கிடைத்தபின் சேருங்கள்.

படி 7: விண்ணப்பம், தேர்வு, இன்டர்வியூ

பழைய மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், டிரான்ஸ்கிரிப்ட் ஆகியவற்றை முதலில் எடுங்கள். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002இல்தான் வந்தது. அதற்கு முன் நம் பக்கத்துக் கலைக் கல்லூரிகளில் முடித்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தை அணுக வேண்டியிருக்கும். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். கடைசி தேதிக்குப் பத்து நாள் முன்பு தொடங்கி அலையாதீர்கள்.

நுழைவுத்தேர்வு இடத்துக்கு இடம் மாறும். சில நிறுவனங்கள் தாங்களே ஒரு தேர்வு வைக்கின்றன. சில, கேட் (CAT), ஜிமேட் (GMAT) என்ற பொது நுழைவுத்தேர்வுகளின் மதிப்பெண்ணை ஏற்கின்றன. இப்போதைய ஜிமேட் 2 மணி 15 நிமிடம், மூன்று பகுதி. மதிப்பெண் ஐந்து வருடம் செல்லும். அனுபவம் உள்ளவர்களுக்கென்றே ஒன்றரை மணி நேர எக்ஸிகியூட்டிவ் அசெஸ்மென்ட்டும் இருக்கிறது. தினம் ஒரு மணி நேரம் என்று மூன்று நாலு மாதம் கணக்குப் போட்டால் போதும். விண்ணப்பக் கட்டுரைக்கும் இன்டர்வியூவுக்கும்தான் மெனக்கெட வேண்டும்.

அங்கே எல்லோரும் தலைமைப்பண்பு, கனவு என்று எழுதுவார்கள். நீங்கள் எண்களை எழுதுங்கள். கட்டிங்கில் தோல் வீணாவது எத்தனை சதவீதம் இருந்தது, நீங்கள் என்ன மாற்றினீர்கள், எவ்வளவு குறைந்தது. எத்தனை பேர் உங்கள் கீழே, அவர்களில் ஒரு வருடத்தில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், ஏன். இப்படி மூன்று சம்பவம் தயாராக இருந்தால் இன்டர்வியூவில் எந்தக் கேள்வி வந்தாலும் அவற்றில் ஒன்றைக்கொண்டு பதில் சொல்லலாம். ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். இலக்கணம் இரண்டு இடத்தில் தவறினாலும், சொந்த வேலையைத் தெளிவாகச் சொல்பவரை அவர்கள் விட மாட்டார்கள். கண்ணாடி முன் நின்று, அந்த மூன்று சம்பவத்தையும் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். அவ்வளவுதான் என் பயிற்சி.

பரிந்துரைக் கடிதம் தருபவரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள். நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

படி 8: வகுப்பிலிருந்து வேலைக்கு

முதல் பருவத்திலேயே உங்கள் கம்பெனியின் ஒரு பிரச்சினையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாடத்தையும் அதில் வைத்துப் பாருங்கள். நான் எடுத்துக்கொண்டது, தோல் வாங்கிய நாளிலிருந்து பையர் பணம் வரும் நாள் வரை உள்ள இடைவெளி.

நம் தொழிலில் இந்த இடைவெளி நீளமானது. தோல் வாங்கி, வெட்டி, அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைத்து, ஷூ ஏற்றி, கப்பல் போய்ச் சேர்ந்து, அதன்பின் தவணை முடிந்து பணம். அது 120 நாள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கோடி ரூபாய் 120 நாள் முடங்கினால், 10% வட்டியில் அதன் செலவு 3.29 லட்சம். இருபது நாள் குறைத்தால் ஒரு கோடிக்கு 55,000 ரூபாய் மிச்சம், ஒவ்வொரு சுற்றிலும். பதினோரு வருடம் பிளானிங்கில் இருந்தும் நான் நாள்களைப் பார்த்தேன், அந்த நாள்களின் விலையைப் பார்த்ததில்லை. 'ஒர்க்கிங் கேப்பிட்டல்' பாடம் முடிந்த அன்று ரயிலில் இந்தக் கணக்கைப் போட்டேன். மறுவாரம் ஸ்டோரில் போய்ப் பார்த்தால், ஒரே நிறத் தோலின் முழு ஆர்டரும் முதல் நாளே வந்து, பாதிக்கு மேல் மூன்று வாரம் சும்மா கிடந்தது. இரண்டு தவணையாக வரவழைத்தோம்.

உங்கள் ஊரும் பாடமாக வரும். தொழிலும் சட்டமும் என்ற வகுப்பில், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையைச் சொல்ல ஆசிரியர் எடுத்த வழக்கு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்தது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு அது. தோல் ஷாப்புக் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலமும் கிணறும் கெட்டதைப் பற்றியது. மற்றவர்களுக்கு அது பரீட்சைக் கேள்வி. எங்கள் பெரியப்பா கிணற்றுத் தண்ணீரை மாடுகூடக் குடிக்காமல் போனதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அன்று எழுந்து நின்று இருபது நிமிடம் பேசினேன். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு ஒரு ஷாப்பு மாதம் கட்டும் செலவு ஷூவின் விலையில் எங்கே உட்கார்கிறது, ஐரோப்பிய பையர் தணிக்கைக்கு வரும்போது எதையெல்லாம் கேட்கிறார் என்று சொன்னேன். இந்தப் படிப்பில் நம்மிடம் இருப்பதையும் கொடுத்து வாங்குகிறோம் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது.

படி 9: முடித்த பிறகு

பட்டம் வந்ததும் யாரும் கூப்பிட்டு நாற்காலி தருவதில்லை. கடைசிப் பருவம் ஓடும்போதே கேட்கத் தொடங்குங்கள். வெளியே போவதென்றால், படி 1இல் எழுதிய மூன்றாவது வரியில் இருப்பவரோடு அதற்குள் இரண்டு மூன்று முறையாவது பேசியிருக்க வேண்டும். உள்ளேயே என்றால், பட்டச் சான்றிதழை மனிதவளக் கோப்பில் சேர்த்து ஒப்புகை வாங்கிவிட்டு, சம்பளத்தைக் கேட்பதற்கு முன் பொறுப்பைக் கேளுங்கள். பொறுப்பு கைக்கு வந்தபின் சம்பளம் கேட்பது எளிது.

நான் முடித்து ஆறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. சோர்ந்துபோனது உண்மை. பிறகு தோல் வரவு, ஸ்டாக், ஷிப்மென்ட், பணவரவு நான்கையும் நாள்வாரியாக ஒரே தாளில் போட்டு, குறைந்த நாள்களின் வட்டிக் கணக்கோடு முதலாளியிடம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் ஆடிட்டரை வரச்சொல்லி, கணக்கை அவரையும் பார்க்கச் சொன்னார். அடுத்த வாரமே கொள்முதல் என் பொறுப்புக்கு வந்தது. சம்பளம் ஏப்ரலில் மாறியது. கடனில் இன்னும் 14 தவணை பாக்கி இருக்கிறது, மாதாமாதம் ஐந்தாம் தேதி போய்க்கொண்டிருக்கிறது.